விஷி ஹெல்மெட் போட்டுண்டா ஆடினான்?

எழுபதுகளில் மயிலாப்பூர் பள்ளி மைதானங்களில் ஒரு ஜோடி பேடு என்றால் அது இரண்டு பேட்ஸ்மேன்களுக்கு. ஆளுக்கு ஒன்று, முன்காலில் மட்டும் கட்டிக்கொள்வோம். கிளவுஸும் கார்டும் டீமின் கான்வாஸ் பையில் பொதுவாகக் கிடக்கும். அவுட்டாகி வருகிறவர் கழற்றித் தர, அடுத்தவர் மாட்டிக்கொண்டு இறங்குவார். தலைக்கு ஒன்றும் கிடையாது.

லஸ் ஹவுஸில் வாழ்ந்த புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கியபோதே காலுக்குப் பேடும் கைக்குக் கிளவுஸும் வந்துவிட்டன. டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு பேட்ஸ்மேன் தலைக்கு ஹெல்மெட் வர இன்னும் 90 ஆண்டுகள் ஆயின. 1978 மார்ச்சில் பிரிட்ஜ்டவுனில் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் யாலப் அதை அணிந்து இறங்கினார்.

1975 பொங்கல் சமயம் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸின் ஆன்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். இந்தியாவின் 190-ல் விஷி என்ற விஸ்வநாத் மட்டும் ஆட்டமிழக்காமல் 97. அதைவிடச் சிறந்த இன்னிங்ஸை இந்த ஊர் பார்த்ததில்லை என்பேன். ஆனால் அதையே காட்டி, ஹெல்மெட் மாட்டும் பையனிடம் “விஷி ஹெல்மெட் போட்டுண்டா ஆடினான்?” என்று கேட்கும் பெரியவர்களை என்னால் பொறுக்க முடிவதில்லை. அன்று போட்டுக்கொள்ள ஹெல்மெட் ஏது?

அதே பிரிட்ஜ்டவுனில், 1962 மார்ச்சில், சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்தியக் கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையை உடைத்தது. வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் ஃபிராங்க் வொரல் ரத்தம் கொடுத்தார். பல அறுவை சிகிச்சைகள். மண்டையில் உலோகத் தகடு பொருத்தியவர் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் ஜேக்கப் சாண்டி, இந்தியாவின் முதல் நரம்பு அறுவை நிபுணர். அந்தத் தகட்டை 2022-ல்தான் எடுத்தார்கள். 28 வயதில் அடிபட்டவர் பிறகு முதல்தர ஆட்டங்களில் ஆடினார், டெஸ்ட் ஆடவேயில்லை. விஸ்வநாத்தின் 97-ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

1998-ல் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்ற இந்திய வீரர் ராமன் லம்பா பந்து பட்டு இறந்தார். 2014-ல் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பில் ஹியூஸ் ஹெல்மெட்டோடுதான் நின்றார். பந்து அது மறைக்காத கழுத்தில் பட்டு, அவர் இறந்தார். இப்போது வரும் கழுத்துக் காப்பு அந்தச் சாவுக்குப் பிறகு பரவியது.

தி. நகர் சோமசுந்தரம் மைதானத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரே, லெதர் பந்து எடுக்கும் நாளில் பேட்டுக்கு முன்னால் ஹெல்மெட் வாங்குங்கள். முகக் கம்பிக்கும் முன்விளிம்புக்கும் நடுவே பந்து நுழையாததாக, கழுத்துக் காப்போடு, அவன் தலை அளவுக்கே வாங்குங்கள். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் தம்பிக்கு வைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.