நட்டாற்றில் விட்டது யார்?

நடுவர் அவர்களே! ஆபத்துல ஒருத்தரைத் திடீர்னு கைவிட்டா இங்கிலீஷ்காரன் ‘லெஃப்ட் இன் தி லர்ச்’ என்பான், நாம ‘நட்டாத்துல விட்டுட்டான்’ என்போம், ரெண்டும் ஒண்ணுதான்னு எதிரணி நண்பர் சொல்லிட்டுப் போனார். ஒண்ணா ஐயா?

‘லர்ச்’ என்பது சூதாட்ட மேசையிலே பிறந்த சொல். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் காய் நகர்த்தி ஆடிய ‘லூர்ஷ்’ என்ற ஆட்டம். அதிலே எட்டிப் பிடிக்கவே முடியாதபடி பின்தங்கிப் போனவனின் நிலைமைக்குத்தான் அந்தப் பெயர். அங்கே பேச்சு தோற்றவனைப் பற்றி. நம்ம சொல்லைப் பாருங்க! ஆறு இருக்கு, ஓடம் இருக்கு, துடுப்பு ஒருத்தன் கையில இருக்கு. அவன் போயிட்டான். இங்கே கேள்வி விட்டவனைப் பார்த்துத்தான்!

வரலாற்றிலே ஒரு சாட்சி சொல்கிறேன். பினாங்குத் தீவு. 1786லேயே பிரிட்டிஷ் கொடி ஏறிய ஊர். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ‘வெள்ளைக்காரன் காப்பாத்துவான்’னு நம்பி வாழ்ந்த ஊர். 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. வேடிக்கை பார்க்கத் தெருவிலே நின்ற கூட்டம் அப்படியே செத்து விழுந்தது. அடுத்து என்ன நடந்தது? ஐரோப்பியர்களை மட்டும் இரவிலே, சத்தமில்லாமல் கப்பல் ஏற்றினார்கள். 16ஆம் தேதி இரவோடு மிச்சமிருந்த அதிகாரிகளும் கிளம்பிட்டாங்க. விடிஞ்சு பார்த்தா ஊர் இருக்கு, ஜனம் இருக்கு, ஆளவந்தவர்களைக் காணோம்!

ஓடம் இல்லாமலா விட்டார்கள்? துறைமுகத்திலே படகுகள் அப்படியே கிடந்தன. வானொலி நிலையமும் முழுசாக இருந்தது. பின்னாலே இரண்டையும் ஜப்பான்காரன் பயன்படுத்திக்கிட்டான். சொந்தக் குடிமக்களுக்கு உதவாத படகு எதிரிக்கு உதவியது!

போனவர்கள் கொடியைக்கூட இறக்கவில்லை. கோட்டையிலே அது பறந்துக்கிட்டே இருந்தது. அது பறக்கிறவரைக்கும் குண்டு விழும். அதை இறக்கியவர் யார் தெரியுமா? ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகை ஆசிரியர், இலங்கைத் தமிழர், எம். சரவணமுத்து! கார்ன்வாலிஸ் கோட்டையிலே அந்தக் கொடியை இறக்கி, வெள்ளைக் கொடி ஏற்றினார். எல்லா இனத்தாரும் சேர்ந்து ஒரு குழு அமைத்து, ஊரிலே ஒழுங்கைக் காத்தார்கள். 19ஆம் தேதி ஜப்பானியப் படை உள்ளே வந்தது. இரண்டே மாதத்தில், 1942 பிப்ரவரி 15இல், சிங்கப்பூரும் விழுந்தது. வெள்ளையர் ஆட்சி நம்மைக் காக்கும் என்ற நம்பிக்கையும் அதோடு விழுந்தது.

நடுவர் அவர்களே, சூதாட்டத்திலே தோற்றவனுக்கு அடுத்த ஆட்டம் உண்டு. பினாங்கு மக்கள் எந்த ஆட்டத்திலே தோற்றார்கள்? அவர்கள் ஆடவே இல்லையே! துடுப்பு வேறொருவர் கையில் இருந்தது. ‘லர்ச்’ என்றால் அந்தக் கை மறைந்துவிடுகிறது. ‘நட்டாற்றில் விட்டான்’ என்றால் அந்தக் கை பிடிபட்டுவிடுகிறது. குற்றவாளியைக் கூண்டிலே நிறுத்துகிற சொல் தமிழ்ச் சொல்லே என்று கூறி அமர்கிறேன்.