கள்ளத்தோணி, நாடற்றவர், அகதி

பாக் நீரிணையைக் கடந்து குடியேறியவர்களையும் அவர்களது சட்டநிலையையும் சுட்ட வழங்கும் சொற்கள். சில சட்டத்தில் பிறந்தவை, சில வசையாகத் தெருவில் பிறந்தவை.

'கள்ளத்தோணி' தெருவில் பிறந்தது. அனுமதியின்றிப் படகேறி இலங்கைக்கு வந்தவர்களைச் சுட்டிய இச்சொல், பிறகு தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த மலையகத் தமிழர்மீதும் வீசப்பட்டது. சிங்களப் பேச்சிலும் அதே ஒலியோடு புகுந்தது. கொடுமை என்னவென்றால், அம்மக்களின் முன்னோர் களவாகப் போனவர்கள் அல்லர். கங்காணிகள் ஆள்சேர்க்க, ஆங்கிலேயர் ஆட்சி அறியப் போனவர்கள். பலர் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்தே கப்பலேறினார்கள்.

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களில் சுமார் 7 லட்சம் பேரை 'நாடற்றவர்' ஆக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. இந்தியா வந்தவர்களுக்கு அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. பலர் அந்தத் தாயகத்தை அதற்குமுன் கண்டதே இல்லை. இலங்கையில் 'இந்தியத் தமிழர்' எனப்பட்டவர்களை, அவர்கள் குடியேறிய நீலகிரியில் அக்கம்பக்கத்தார் 'சிலோன்காரர்' என்றார்கள்.

1983 ஜூலையில் இலங்கைத் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப்பின் ராமேசுவரம் கரையில் இறங்கியவர்கள் 'அகதி' ஆனார்கள். பலரை வைத்தது அதே மண்டபத்தில்தான். கதியற்றவர் என்பது சொல்லின் பொருள். இரக்கம் உண்டு, ஆனால் சட்ட வலு இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றவில்லை. 2003இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டமோ, செல்லுபடியாகும் கடவுச்சீட்டின்றி வந்தவரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது. அப்பெயர் விழுந்தவர் பதிவு மூலம் குடியுரிமை கேட்க முடியாது. 2004 டிசம்பர் 3 முதல் இங்கே பிறந்த குழந்தைக்கும், பெற்றோரில் ஒருவருக்கு அப்பெயர் இருந்தால், பிறப்பால் குடியுரிமை இல்லை.

2021 ஆகஸ்டில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தபடி, 'அகதிகள் முகாம்' என்பது 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆயிற்று. காலங்கடந்த மரியாதை, ஆனாலும் மரியாதைதான். கூடவே சுமார் 317 கோடி ரூபாயில் வீடுகளும் உதவிகளும் அறிவிக்கப்பட்டன. ஆனால் குடியுரிமை ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. அதன் 2025 செப்டம்பர் ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்றி இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. குடியுரிமை அளிக்கவில்லை. முகாமில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்துப் பட்டம் பெற்றவர்களும் இன்னும் 'அகதி' என்ற பழைய சொல்லுக்குள்ளேயே இருக்கிறார்கள்.