ஐஸ் ஹவுஸ்

சென்னைக் கடற்கரைச் சாலையில், திருவல்லிக்கேணிப் பக்கமாக, முன்புறம் வட்டமாய்ப் புடைத்து நிற்கும் அந்தக் கட்டடத்தைப் பார்க்காதவர்கள் சொற்பம். விவேகானந்தர் இல்லம் என்று பெயர். பேட்டைக்கு மட்டும் பழைய பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது: ஐஸ் ஹவுஸ்.

கதை அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஆரம்பமாகிறது. குளிர்காலத்தில் ஏரிகளில் தானாக உறையும் பனியைப் பாளம் பாளமாக அறுத்து உஷ்ண தேசங்களுக்கு விற்கலாம் என்று பிரெடரிக் டியூடர் என்பவருக்குத் தோன்றியது. ஊரார் சிரித்தார்கள். 1833ல் அவருடைய கப்பல் கல்கத்தாவை அடைந்தது. சூயஸ் கால்வாய் இல்லாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நாலு மாதப் பிரயாணம். ஆனாலும் ஏற்றிய 180 டன்னில் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்ததாம்! சென்னைச் சரக்கைச் சேமித்து வைக்க 1842 வாக்கில் எழுந்ததுதான் இந்தக் கட்டடம்.

வால்டன் குளக்கரையில் குடில் போட்டு வாழ்ந்த தோரோ, அந்தக் குளத்தில் ஆட்கள் பனி வெட்டுவதைப் பார்த்துவிட்டு, தம்முடைய தண்ணீரைச் சென்னைவாசிகளும் பருகுகிறார்கள் என்ற பொருள்பட எழுதி வைத்தார். பெரும்பாலும் பருகியவர்கள் துரைமார்கள்தாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ!

யந்திரத்தில் பனிக்கட்டி செய்யக் கற்றதும் வியாபாரம் படுத்துவிட்டது. பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் கட்டடத்தை வாங்கி, ஜன்னல்கள் வைத்து வீடாக்கி, ஹைக்கோர்ட் நீதிபதி கெர்னனின் பெயரைச் சூட்டினார். 1897 பிப்ரவரியில், மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் இங்கே ஒன்பது நாள் தங்கினார். பிறகு ராமகிருஷ்ணானந்தர் வந்து, 1907 வரை மடத்தை இங்கேயே நடத்தினார்.

இவ்வளவும் பலருக்குத் தெரிந்ததே. என் மனம் தங்குவது அதற்கு அடுத்த அத்தியாயத்தில்.

பதினோரு வயதில் கல்யாணமாகிச் சில நாளிலேயே தாலியை இழந்தவர் சகோதரி சுப்பலட்சுமி. அவருடைய பெற்றோர் தலையை மழித்து மூலையில் உட்கார வைக்கவில்லை, படிக்க வைத்தார்கள். 1911ல் பி.ஏ. தேறினார். தம்மைப் போன்ற நாலு பால விதவைகளை எழும்பூரில் வைத்துப் படிப்பிக்கத் தொடங்கினார். முதல் உலக யுத்த காலத்தில், சர்க்கார் ஆதரவோடு, அந்த விடுதி ஐஸ் ஹவுஸுக்குக் குடிவந்தது. எதிரே வந்தாலே அபசகுனம் என்று ஒதுக்கப்பட்ட பெண்களுக்கு வாய்த்தது, துரைமாரின் பனிக்கட்டிக்காகக் கட்டிய கிடங்கு! ஆனால் கடற்காற்றுக்குச் சகுனம் தெரியாது. நார்மடிக்கும் மூலைக்கும் விதிக்கப்பட்டிருந்த சிறுமிகள் ஸ்லேட்டும் புஸ்தகமுமாக அந்த வட்டத் தாழ்வாரங்களில் நடந்தார்கள். சிலர் காலேஜுக்குப் போனார்கள். பக்கத்திலேயே 1922ல் லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தோன்றியபோது சுப்பலட்சுமியே அதன் தலைமையை ஏற்றார்.

1963ல், சுவாமிஜியின் நூற்றாண்டையொட்டி, கட்டடத்துக்கு இப்போதைய பெயர் வந்தது. 1997ல் சர்க்கார் அதை ராமகிருஷ்ண மடத்தின் பொறுப்பில் விட்டது. உள்ளே கண்காட்சி அமைந்தது. பொருத்தமான காரியந்தான். ஆனால் ஒன்பது நாள் தங்கியவரின் பெயர் வாசலில் இருக்கிறது. உருகிப்போன பனியின் பெயர் பேட்டைக்கு இருக்கிறது. வருஷக்கணக்கில் அங்கே உண்டு, உறங்கி, பாடம் படித்த பெண்களின் பெயரால் அங்கே ஒரு சந்துகூட இல்லையே என்று எனக்குக் குறைதான். அவர்களில் பலர் டீச்சர்களாகி வெவ்வேறு ஊர்களுக்குப் போனார்கள். உங்கள் பாட்டிக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்த டீச்சரம்மாள் யார் என்று வீட்டில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.