நீருலாவும் இழுவிசையும்: பக்கிங்காம் கால்வாய்த் தோணிப் பயணம் பற்றிய ஆய்வு

1. வரையறை

சரக்குக்காகவோ பிழைப்புக்காகவோ அன்றி, காட்சியின்பம் கருதி, தமக்கென அமர்த்திய படகில் ஒரு குழுவினர் உள்நாட்டு நீர்வழியில் செல்வதை இக்கட்டுரையில் ‘நீருலா’ என்கிறோம். இதற்கு உறுப்புகள் மூன்று: நீர்வழி, கலம், கலத்தை நகர்த்தும் ஆற்றல். முதலிரண்டும் யார் கண்ணுக்கும் படுவன. நீருலாவின் இயல்பை வகுப்பது மூன்றாவதே என்பது நாம் நிறுவ முற்படும் கருத்து. இதற்குச் சான்றாகச் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குக் கால்வாய்வழி நடந்த தோணிப் பயணத்தை எடுத்துக்கொள்கிறோம். 1930களில் நண்பர்களுடன் அவ்வழியே சென்ற பாரதிதாசன், அதை ‘மாவலிபுரச் செலவு’ என்னும் கவிதையாக்கினார்.

2. நீர்வழி

இக்கால்வாய் மூன்று கட்டங்களில் உருவானது.

முதற்கட்டம்: 1806இல் வணிகர் பேசில் காக்ரேனின் முயற்சியால் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்டது. இரண்டாம் கட்டம்: 1837இல் அரசின் கைக்கு வந்து, வடக்கிலும் தெற்கிலும் நீட்டப்பட்டது. மூன்றாம் கட்டம்: 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. பகுதி நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் முழுக் கால்வாய்க்கும் நிலைத்தது. அதன் நீளம் ஏறத்தாழ 420 கி.மீ.; அதில் தமிழ்நாட்டுப் பகுதி 163 கி.மீ.

சென்னை மாகாணத்தின் பஞ்ச நிவாரண வேலைகளில் ஆணுக்கு நாட்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877இல் இந்திய அரசின் பஞ்சத் தூதர் சர் ரிச்சர்டு டெம்பிள் குறைத்த வரலாற்றை இங்கே சேர்த்து நோக்க வேண்டும். நீர்வழியின் இம்மூன்றாம் கட்டம் பசித்தவர் உழைப்பில் பிறந்தது.

3. இயக்காற்றலின் வகைகள்

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிய கடல்தோணி பாய் விரித்துக் காற்றை நம்பியது. ஒடுங்கிய கால்வாயில் காற்றை மட்டும் நம்ப இயலாது. எனவே இருவகை மனித ஆற்றல் முதன்மை பெற்றது.

(அ) இழுவிசை: தோணியில் கட்டிய கயிற்றைத் தோளில் ஏற்றி, ஒருவர் கரையோடு நடந்து இழுப்பது.

(ஆ) உந்துவிசை: பின்னால் நிற்பவர் நீளக் கோலைத் தரையில் ஊன்றித் தள்ளுவது.

இவ்விருவரையும் பாரதிதாசன் தம் கவிதையிலேயே காட்டுகிறார். காணப் பொறுக்கவில்லை என்றும் சொல்கிறார்.

4. வேகத்தின் காரணம்

அசைவற்ற நீரில் மெல்ல நகரும் கலத்துக்குத் தடை குறைவு; ஆகவே பாரமான தோணியையும் ஒருவரால் இழுக்க முடிகிறது. வேகம் கூடினால் தடை பன்மடங்காகும். ஆழமும் அகலமும் குறைந்த கால்வாயில் இன்னும் மிகும். அதனால் தோணியின் வேகம் மனித நடையின் வேகத்தைத் தாண்டுவதில்லை.

இதிலிருந்து பெறப்படுவது ஒன்று. பயணி துய்க்கும் நிதானம், அதாவது கரைமரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கவும் பேசவும் பாடவும் கிடைக்கும் பொழுது, இழுப்பவரின் காலடிகளால் அளந்து தரப்படுவது. ஒரே வேகம் ஒருவருக்கு ஓய்வு, மற்றவருக்கு வேலை.

5. மறைவின் காரணங்கள்

இயற்கைக் காரணம்: 1965, 1966, 1976 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. பொருளியற் காரணம்: விறகும் உப்பும் ரயிலுக்கும் லாரிக்கும் மாறின. நகரியற் காரணம்: கழிவுநீர் கலந்தது, சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயிலேயே ஊன்றப்பட்டன. இன்று முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் நடக்கும் உல்லாசப் படகுச் சவாரி புறப்பட்ட துறைக்கே திரும்புவது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும் நீருலா அன்று.

6. முடிபு

2008இல் இக்கால்வாய் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கால்வாய் மீட்பு என்றால் ஆழமும் அகலமும் மட்டுமே கணக்கிடப்படுகின்றன. பொறி வந்தபின் கயிறும் தோளும் வேண்டியதில்லை, அது நன்றே. ஆயினும் தூர்வாருபவர், படகு ஓட்டுபவர், கரையில் குடியிருப்பவர் ஆகியோரின் கூலியும் வாழ்விடமும் திட்டத்தின் முதல் உறுப்பாக இடம்பெற வேண்டும். யார் உழைப்பில் நகர்கிறோம் என்பதைப் பயணத்தின் நடுவிலேயே கண்டு சொன்ன கவிஞரின் பார்வை, நீர்வழித் திட்டம் வகுப்போருக்கும் உரியது.