பழைய ஸ்போர்ட்ஸ் கார்: சத்தம் போடாத பிழைதான் பெரியது

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சத்தத்தைக் கேட்டே எஞ்சினின் பிழையைச் சொல்லப் பழகிய ஊர் எங்களுடையது. அதனால், நண்பர் ஒருவர் வாங்க நினைத்த மஸ்டா எம்.எக்ஸ்.-5 காரைப் பார்க்கப் போனபோது நானும் முதலில் காதைத்தான் கொடுத்தேன். 1989இல் அறிமுகமாகி 1997 வரை வந்த முதல் தலைமுறைக் கார் அது.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் மேற்பகுதியில் 'டிக் டிக்' என்று கேட்கலாம். வால்வு லிஃப்டர்களுக்குள் ஒயில் நிரம்பாததால் வரும் சத்தம் அது. சூடானதும் நின்றுவிட்டால் பெரும்பாலும் பயமில்லை; முதலில் ஒயிலை மாற்றிப் பாருங்கள்.

கிளச் பெடல் தொய்ந்து, கியர் விழ மறுத்தால், கியர்ப் பெட்டியின் பக்கத்திலுள்ள சிறிய கிளச் சிலிண்டர் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டரின் கறுப்புப் பிளாஸ்டிக் மண்ணிறமாகியிருந்தால், வெடிக்க முன்னர் மாற்ற வேண்டும்.

இவை கராஜில் தீரும். தீராதது துரு. துணிக்கூரையில் வழியும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள துவாரங்களால் வெளியேற வேண்டும். குப்பை அடைத்தால், கதவுக்குக் கீழுள்ள சட்டம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கூரையில்லாத காருக்குப் பலமே அந்தச் சட்டம்தான். துவாரங்களில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் நிலத்தில் ஒழுக வேண்டும். அந்த இடத்தில் பெயின்ட் குமிழ்த்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

நாங்கள் ஊற்றிய தண்ணீர் கீழே வரவில்லை. பெயின்ட் புதிது, விரிப்புக்குக் கீழே ஈரம். நண்பரின் கையிலிருந்தது பல வருடச் சேமிப்பு. வாங்காமல் திரும்பினோம்.