கம்பளத்தின் அடியில்

வீட்டுக்கு விருந்தினர் வந்தால் பாயை எடுத்து விரிப்பது நம் குடும்பங்களின் பழக்கம். நிகாஹ் வீடென்றால் பாயின் மேல் ஜமக்காளம் வரும். மணமகன் அமரும் இடத்தில் ஜமக்காளத்துக்கும் மேலாக ஒரு நல்ல விரிப்பு வரும். உயர்ந்த விரிப்பை வெறுந்தரையில் போட நம் பெரியவர்கள் மனம் ஒப்பியதில்லை. காரணம் கேட்டால் விளக்கம் சொல்லத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அடியில் ஒன்று இருக்கவேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்று கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளின் வீடுகள் பலவற்றில் தரையே கம்பளமாக இருக்கிறது. சுவரிலிருந்து சுவர்வரை ஒட்டிய அந்தக் கம்பளத்தின் மேல், ஆசையோடு வாங்கிய வேறொரு விரிப்பைப் போடுகிறார்கள். நாலு நாளில் அது இடம் பெயர்கிறது. நடுவில் மடிப்பு விழுகிறது. தொழுகைக்கு எழுந்த முதியவரின் கால் தடுக்குகிறது. இரண்டுக்கும் இடையில் எதை இடுவது என்ற கேள்வி அப்போது எழுகிறது. மிகச் சிறிய கேள்விதான். ஆயினும் அதன் விடையைத் தேடிச் சென்றால், நாம் எதிர்பாராத ஒரு வரலாற்றின் வாசலில் போய் நிற்கிறோம்.

கம்பளமும் அதன் தோழனும்

உலகில் இன்றுள்ள முழுமையான முடிச்சுக் கம்பளங்களுள் மிகத் தொன்மையானது சைபீரியாவின் அல்தாய் மலைப் பகுதியில், பாஸிரிக் என்னுமிடத்தில் கிடைத்தது. ரஷ்ய ஆய்வாளர் ருதென்கோ 1949ஆம் ஆண்டில் அங்கொரு கல்லறையைத் தோண்டியபோது, பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்த அக்கம்பளம் வெளிப்பட்டது. ஏறத்தாழ 183 செ.மீ. அகலமும் 200 செ.மீ. நீளமும் கொண்ட அது, இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதே கல்லறையில் நெய்யாமல் அடித்துச் செறித்த கம்பளித் துணியும் கிடைத்தது. ஆட்டு மயிரை நனைத்து, அழுத்தி, உருட்டி, இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்வரை அடித்துச் செய்யும் துணி அது. பாரசீகர் அதனை நமத் என்பர். வட இந்தியாவில் நம்தா என்று வழங்கும். கூடாரத்தில் வாழ்ந்த மக்களுக்குக் கூரையும் சுவரும் தரையும் இந்த நமத்தே. ஈர மண்ணையும் கல்லையும் அது மறைத்தபின்தான் கம்பளம் விரிந்தது. பார்ப்பவர் கண்ணில் படுவது கம்பளம்; பாரத்தைத் தாங்குவது நமத்.

அரபு நாட்டிலோ தரைவிரிப்பு எளிமையாகவே தொடங்கியது. பெருமானார் (ஸல்) அவர்கள் பேரீச்ச ஓலையால் முடைந்த சிறு பாயில் தொழுததையும், நெடுநாள் புழங்கிக் கறுத்துப்போன பாயொன்றில் தண்ணீர் தெளித்துத் தொழுததையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. இஸ்லாம் பரவிய நாடுகளில் ஆட்டு மந்தைகளும் குளிரும் மிகுந்திருந்த பகுதிகளில் அந்த ஓலைப் பாயின் இடத்துக்குக் கம்பளம் வந்து சேர்ந்தது. அவற்றுள் தலையாயது அனதோலியா, அதாவது இன்றைய துருக்கி.

இப்னு பதூதா கண்ட விரிப்புகள்

1330களில் அனதோலியாவில் பயணம் செய்த இப்னு பதூதா, அந்தாலியா நகரில் அகீகள் என்னும் தொழிற் சகோதரத்தாரின் விடுதியில் விருந்துண்டார். அங்கு விரிக்கப்பட்டிருந்த அழகிய ரூம் நாட்டுக் கம்பளங்களை அவர் மறக்காமல் குறித்து வைத்தார். அக்ஸராய் நகரத்தைப் பற்றி எழுதும்போது, அங்கு செய்யப்படும் ஆட்டுக் கம்பளி விரிப்புகளுக்கு ஈடு வேறெங்கும் இல்லை என்றும், அவை ஷாம், மிஸ்ர், இராக், ஹிந்த், சீனம் முதலிய நாடுகளுக்கெல்லாம் செல்கின்றன என்றும் கூறுகிறார். 1340களில் நம் மஅபர் கரைக்கு வந்து மதுரையைக் கண்டவரும் இதே இப்னு பதூதாதான் என்பதை நினைக்கும்போது, அக்ஸராயின் தறியும் நமக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

இந்தக் கம்பளங்களில் பல, பள்ளிவாசல்களுக்கு வக்ஃபாகச் சென்றன. பெற்றோரின் பெயரால் பிள்ளைகள் கொடுத்தனர். தான் நெய்ததைப் பெண்ணொருத்தி கொடுத்தாள். செல்வர் பெரிய கம்பளத்தைக் கொடுத்தால், எளியவர் சிறியதைக் கொடுத்தார். பள்ளிவாசலுக்கென்று கொடுத்த பொருளைத் தனியார் உடைமையாக்கும் துணிவு எவருக்கும் எளிதில் வருவதில்லை. ஆகவே புதியது வந்தபோது பழையதை எறியவில்லை. அதன் மேலேயே புதியதை விரித்தார்கள். இவ்வாறு ஒரு தலைமுறையின் கம்பளம் அடுத்த தலைமுறையின் கம்பளத்துக்கு அடிவிரிப்பாயிற்று. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, பல பள்ளிவாசல்களின் தரை அடுக்கடுக்காக உயர்ந்தது. தொழுதவர்களின் நெற்றி மேலடுக்கைத் தொட்டது. பாட்டனின் கொடை இருளில் கிடந்தது.

கோன்யாவில் வெளிப்பட்டவை

செல்ஜூக்கியரின் தலைநகரான கோன்யாவில் அலாவுத்தீன் பள்ளிவாசல் இருக்கிறது. அதன் பெரும்பகுதி 12ஆம் நூற்றாண்டிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டப்பட்டது. 1905ஆம் ஆண்டளவில், அங்கிருந்த பிற்கால விரிப்புகளுக்கிடையே மிகப் பழைய கம்பளங்கள் சில இருப்பது அறிஞர்களின் கவனத்துக்கு வந்தது. முழுமையானவையும் துண்டுகளுமாக எட்டு. சுவீடன் நாட்டு அறிஞர் மார்ட்டின் 1908இல் வெளியிட்ட தம் நூலில் அவற்றை உலகுக்கு அறிமுகம் செய்தார். அவற்றுள் ஒன்று ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது; விளிம்பில் கூஃபி எழுத்தை ஒத்த பெரிய வடிவங்கள்; நடுவில் வரிசை மாறாத சிறு கோலங்கள்; சிவப்பும் நீலமும் இன்னும் மங்கவில்லை. 1930ஆம் ஆண்டளவில் பெய்ஷெஹிர் நகரின் எஷ்ரெஃபோக்லு பள்ளிவாசலிலும் இதே மரபைச் சேர்ந்த கம்பளங்களை ரீஃப்ஸ்டால் என்பவர் கண்டார். 1290களின் இறுதியில் மரத் தூண்களால் எழுப்பப்பட்ட அப்பள்ளிவாசல், 2023இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

செல்ஜூக்கியரின் அரண்மனைக் கம்பளங்கள் எங்கே? அரசர்கள் அமர்ந்தவை அழிந்தன. எளிய மக்கள் தொழுத இடத்தில் கிடந்தவை எஞ்சின. அரண்மனையில் பழையதை எடுத்தெறிய ஆணை போதும். பள்ளிவாசலிலோ பழையதன் மேல் புதியது வந்து அதனை மூடிக்காத்தது.

காப்பதும் கெடுப்பதும்

கம்பளத்தை அழிப்பது காலடி மட்டுமன்று. காலடி கொண்டுவரும் மணல்தான் முதற் பகை. மணல் முடிச்சின் வேர்வரை இறங்கிவிடும். மேலே மனிதர் மிதிக்க, கீழே கல் எதிர்த்து நிற்க, இடையில் அகப்பட்ட கம்பளி இழை அரம்போல் அறுபடும். கீழே நமத்தோ, பாயோ, பழைய கம்பளமோ இருந்தால் மிதியின் வேகத்தை அது வாங்கிக்கொள்கிறது. அடியில் கிடக்கும் கம்பளமும் வெயிலிலிருந்தும் மிதியிலிருந்தும் தப்புகிறது.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. தரையில் ஈரம் கசிந்தால் அதை முதலில் குடிப்பது கீழடுக்கு. இருளில் அசையாமல் கிடக்கும் கம்பளியைத் தேடி வருவது பூச்சி. ஆண்டுக்கொருமுறையேனும் எடுத்து உதறி வெயில் காட்டாத அடுக்கு, காக்கும் அடுக்கன்று, மட்கும் அடுக்கு. அடுக்கடுக்காகக் கிடந்தவற்றுள் எஞ்சியவை சில, மட்கியவை கணக்கிலடங்கா.

ஈரத்தைவிடப் பெரிய இழப்பு 20ஆம் நூற்றாண்டில் நேர்ந்தது. பழையதைக் கொடுத்தால், சுவர்முதல் சுவர்வரை புத்தம் புதிய ஆலைக் கம்பளம் தருகிறோம் என்று வணிகர்கள் ஊர் ஊராக வந்தார்கள். நிர்வாகிகள் பலர் அதனை நல்ல பேரமென்றே எண்ணினார்கள். அடுக்குகள் கலைந்தன, பாட்டனார்களின் வக்ஃபு அயல்நாட்டுச் செல்வர்களின் வரவேற்பறைக்குப் போயிற்று. எஞ்சியவற்றைக் காக்கவே வக்ஃபுத் துறையினர் நாடெங்குமுள்ள பள்ளிவாசல்களிலிருந்து கம்பளங்களைத் திரட்டி, 1979இல் இஸ்தான்புல் நகரின் சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலை ஒட்டி ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். திவ்ரிகி பெரிய பள்ளிவாசலில் கிடந்த பழங்கம்பளங்கள் பலவும் அங்கு வந்து சேர்ந்தன.

வீட்டுக்கு எது தகும்?

இனி நம் பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். கல் தரை கடினமானது. ஆகவே அங்கு அடிவிரிப்பு மென்மையைத் தரவேண்டும். கம்பளத் தரை ஏற்கெனவே மென்மையானது. அங்கு தேவைப்படுவது உறுதி. மெத்தென்ற தடித்த திண்டை வாங்கிப் போட்டால் மென்மையின் மேல் மென்மை சேர்ந்து, காலடிதோறும் மேல்விரிப்பு குழியும், மடியும், அதன் முடிச்சுகள் தளரும். தரைக் கம்பளத்தின் மயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால், ஒவ்வொரு மிதியும் மேல்விரிப்பை அத்திசையில் சற்றே தள்ளிவிடுகிறது. அது நகர்வதற்குக் காரணம் இதுவே.

ஆகவே மெல்லியதாகவும் செறிவாகவும் அடித்த கம்பளி அடிவிரிப்பே ஏற்றது. இரு பக்கமும் பற்றும்படி செய்யப்பட்டதாயின் நன்று. கல் தரைக்கென்று விற்கும் வலைபோன்ற ரப்பர் தாள் கம்பளத்தின் மேல் பற்றாது. மலிவான பிளாஸ்டிக் வகைகள் நாளடைவில் ஒட்டிக்கொண்டு கறை படியச் செய்வதும் உண்டு. அடிவிரிப்பு மேல்விரிப்பைவிட நான்கு பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளடங்கி இருந்தால், ஓரம் தரையோடு படிந்து கால் தடுக்காது. இவற்றுள் தலையாயது கம்பளி நமத். இது பாஸிரிக் மக்கள் அறிந்திருந்த பொருள்தான்.

நம் ஊர்ப் பள்ளிவாசல்களிலும் இன்று பாய் போய்க் கம்பளம் வந்துகொண்டிருக்கிறது. வருவது தவறன்று. ஆனால் தாமிரபரணிக் கரைக் கோரையைக் கொண்டு நம் பத்தமடைப் பெருமக்கள் நெய்த பாயும், யாரோ ஒரு தாய் தன் மர்ஹூம் கணவர் பெயரால் கொடுத்த ஜமக்காளமும் சுருட்டப்பட்டு வெளியே போகும் நாளில், நிர்வாகிகள் ஒரு கணம் நிற்கவேண்டும். அதை உதறிப் பார்க்கட்டும். பெயரோ ஆண்டோ இருக்கிறதா என்று நோக்கட்டும். வெயில் காட்டி ஓர் அறையில் வைக்கட்டும். கோன்யாவின் பள்ளிவாசல் ஊழியர் எவரும் தாம் வரலாற்றைக் காக்கிறோம் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். கொடுத்தவரின் பொருளை எறிய மனமின்றி, அதன் மேல் புதியதை விரித்தார்கள், அவ்வளவே. அந்தத் தயக்கம்தான் ஒரு நாகரிகத்தின் நிறங்களை எழுநூறு ஆண்டுகள் காத்துக் கொடுத்தது.