மரம் நட்டால் மாதம் 30 டாலர்

பசுமை வேலை என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் அந்த வேலை இருந்தது. 1933-ல் அங்கே தொழிலாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. மார்ச் மாதம் பதவியேற்ற ரூஸ்வெல்ட், அந்த மாதம் முடிவதற்குள் ஒரு சட்டம் கொண்டுவந்தார். சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் அப்படித்தான் பிறந்தது.

வேலையற்ற இளைஞர்களைக் காட்டுக்கு அனுப்பினார்கள். மரம் நடுவது, காட்டுத்தீயை அணைப்பது, மண் அரிப்பைத் தடுப்பது, பூங்காக்களில் பாதை போடுவது எல்லாம் அவர்கள் வேலை. சம்பளம் 30 டாலர். அதில் பெரும்பாலும் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும்! ஆனால் முகாமில் சாப்பாடும் துணியும் இலவசம். வயிறு காய்ந்து வந்த பையன்கள் சில மாதங்களில் எடை கூடினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பல்லாயிரம் பேர் அங்கேயே கற்றுக்கொண்டார்கள்.

ஒன்பது ஆண்டுகளில் சுமார் 30 லட்சம் பேர், சுமார் 300 கோடி மரங்கள்.

எல்லாருக்குமான கதவு அல்ல இது. பெண்களுக்கு இடமே இல்லை. இனவேறுபாடு கூடாது என்று சட்டத்திலேயே இருந்தும், கறுப்பின இளைஞர்களில் பெரும்பாலோர் தனி முகாம்களில்தான் வைக்கப்பட்டார்கள்.

1942-ல், போர் நடந்துகொண்டிருக்கையில், நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. மண்வெட்டி பிடித்த கைகளில் பல அதற்குள் துப்பாக்கி பிடித்திருந்தன.